செத்தால் சர்க்கார் சொத்து! மேய்ந்தால் யார் சொத்து?

தெருநாய், காட்டுப்பன்றி, மயில் – மூன்றுக்கும் பதில் சொல்ல ஆள் கேட்டு உழவர்களுக்கு ஓர் அறைகூவல்!



நம்ம மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைத்தால் என்ன ஆகும்? ஓட்டிக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைப்பார்கள். அபராதம் கட்டித்தான் மீட்டு வர வேண்டும். 1871-ம் வருசம் வெள்ளைக்காரன் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டம் அது. "மாடு மேய்ந்தால் மாட்டுக்காரன் பொறுப்பு" என்று அன்றைக்கே எழுதி வைத்துவிட்டான். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அது நியாயம். அடுத்தவர் பாடுபட்டு விளைவித்ததை என் மாடு தின்றால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

ஆனால் நாம் கேட்பது இதுதான். காட்டுப்பன்றி வந்து நம் நிலக்கடலையைத் தோண்டிப் போட்டால் யார் பதில் சொல்வது? மயில் வந்து தக்காளியைக் கொத்திப் போட்டால் யார் பதில் சொல்வது? தெருநாய் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துக் குதறினால் யார் பதில் சொல்வது?

வனத்துறையைக் கேட்டால் "நாய் எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க" என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால் "நாயைத் தொட்டா கோர்ட் கேஸ் ஆயிருமுங்க" என்கிறார்கள். கால்நடைத் துறையைக் கேட்டால் "நாங்க ஊசி போடத்தானுங்க இருக்கோம்" என்கிறார்கள். ஆளுக்கொரு கதவு. எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது!

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா?

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 39-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கு, செத்துக் கிடக்கும் காட்டு விலங்கு, இதெல்லாம் மாநில அரசின் சொத்து என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் தோட்டத்தில் ஒரு பன்றி தானாகச் செத்துக் கிடந்தாலும் அது உங்களுடையது அல்ல. சர்க்காருடையது. தகவல் சொல்லாமல் புதைத்தால்கூட விசாரணைக்கு அலைய வேண்டி வரும்.

சரி, செத்த பன்றி சர்க்கார் சொத்து. அப்படியானால் உயிரோடு இருந்தபோது அது யார் சொத்து? முந்தின நாள் ராத்திரி அதே பன்றி அரை ஏக்கர் மரவள்ளியைக் கிளறிப் போட்டதே, அப்போது சர்க்கார் எங்கே போயிருந்தது? செத்தால் உரிமை கொண்டாடுகிறவர், மேய்ந்தால் கணக்கு ஒத்துக்கொள்ள மாட்டாரா? ஊரில் ஒரு பண்ணாடி இப்படிப் பேசினால் பஞ்சாயத்தில் நிற்க விடுவோமா?

மாட்டுக்காரனுக்கு ஒரு சட்டம், சர்க்காருக்கு ஒரு சட்டம் என்பதை ஏற்க முடியாது. இந்தத் துண்டறிக்கையின் சாரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

கொரங்காட்டுக்குள் புகுந்த நாய்கள்

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், ஊத்துக்குளி, சென்னிமலை, பெருந்துறை வட்டாரத்துக்காரர்களுக்குக் கொரங்காட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்ற ஊர் உழவர்களுக்காகச் சொல்கிறோம். மழை குறைந்த மேட்டு நிலம். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேலா மரம். ஆட்டையும் மாட்டையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும். மேய்க்க ஆள் வேண்டாம். காங்கேயம் காளை வளர்ந்தது இந்தக் கொரங்காட்டில்தான். தண்ணீர் இல்லாத பூமியில் நம் முப்பாட்டன்மார் கண்டுபிடித்த பிழைப்பு இது. கிணறு வற்றினாலும் மில்லு மூடினாலும் நாலு ஆடு இருந்தால் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டலாம், ஒரு ஆஸ்பத்திரி செலவைச் சமாளிக்கலாம்.

அந்த வேலி ஆடு வெளியே போகாமல் இருக்கப் போட்டது. நாய்க் கூட்டம் உள்ளே வராமல் இருக்கப் போட்டது அல்ல. அன்றைக்கு அதற்கு அவசியமும் இல்லை. இன்றைக்கு நிலைமை என்ன? ராத்திரி நாலைந்து நாய் சேர்ந்து வேலியில் பொத்தல் பார்த்து நுழைகிறது. பசிக்குத் தின்றுவிட்டுப் போனால்கூட ஒரு ஆட்டோடு போகும். இதுகள் தின்பதில்லை. ஓடுகிற ஆட்டையெல்லாம் துரத்தித் துரத்திக் கழுத்தையும் தொடையையும் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் சில செத்துக் கிடக்கும், சில குடல் சரிந்து உயிரோடு கிடக்கும். தப்பிய ஆடும் மிரண்டு இரை எடுக்காது. சினை ஆடு குட்டி வீசிவிடும். இந்தக் கணக்கு எந்த ரிப்போர்ட்டிலும் ஏறுவதில்லை.

2024-லும் 2025-லும் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு நாம் மறியல் செய்தது வேடிக்கைக்கு அல்ல. பத்திரிகைக்காரர்கள் "விநோதப் போராட்டம்" என்று தலைப்புப் போட்டார்கள். அதில் என்னங்க விநோதம் இருக்கிறது? பெற்ற பிள்ளையைப் போல வளர்த்ததைத் தூக்கிக்கொண்டு வந்து நியாயம் கேட்பது விநோதமா? கேட்க வைத்ததுதான் விநோதம்.

இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? வானத்திலிருந்து குதிக்கவில்லை. டவுனில் தொல்லை என்று பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு வெளியே இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசைக்கு வாங்கி, அது பெரிதானதும் பிடிக்காமல் போய், காரில் கொண்டுவந்து ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கறிக்கடைக் கோழிக் கழிவை மூட்டை கட்டி வாய்க்கால் ஓரத்திலும் பாலத்துக்கடியிலும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கழிவைச் சுற்றித்தான் நாய்க் கூட்டம் சேருகிறது. கழிவு கிடைக்காத அன்றைக்கு அதன் பார்வை பட்டிப் பக்கம் திரும்புகிறது. குப்பை டவுனுடையது, கோழி டவுனுடையது, நாயும் டவுனுடையது. சாகிற ஆடு மட்டும் நம்முடையது!

நாய் நமக்கு எதிரி இல்லை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் நாய்க்கு எதிரிகள் அல்ல. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் சொல்லும்படியான நாய் இனங்களை இந்தத் தமிழ் மண்ணில் வளர்த்துக் காப்பாற்றியவர்கள் கிராமத்து ஜனங்கள். தோட்டத்துச் சாளையில் ஒரு நாய் இல்லாத குடியானவன் உண்டா? பட்டிக் காவலுக்கே நாய்தானே? சோறு வைக்க ஒரு கை, அதட்ட ஒரு குரல் இருக்கிற நாய் ஆட்டைக் கடிப்பதில்லை. நாம் பேசுவது எஜமான் இல்லாத நாயைப் பற்றி. அந்த எஜமான் இல்லாத நாய்க்குச் சட்டப்படி எஜமான் யார் என்பதுதான் கேள்வி.

சட்டம் பதில் சொல்கிறது. 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 2001-ல் நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023 மார்ச்சில் அதை மாற்றிப் புது விதிகள் வந்தன. பழைய விதியானாலும் புது விதியானாலும் சாரம் ஒன்றுதான்: தெருநாயைப் பிடிக்க வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும், வெறிநோய் தடுப்பூசி போட வேண்டும், பிடித்த இடத்திலேயே விட வேண்டும். இதைச் செய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்பு.

2001-லிருந்து இன்றைக்கு எத்தனை வருசம் ஆயிற்று? விதி வந்தபோது பிறந்த பிள்ளை கல்யாண வயசுக்கு வந்துவிட்டது. உங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் நாய்க் கருத்தடை மையம் எங்கே இருக்கிறது என்று யாராவது கை காட்ட முடியுமா? நாய் பிடிக்கப் பழகிய ஆள் உண்டா? வண்டி உண்டா? ஆபரேசன் செய்ய டாக்டர் உண்டா? இருக்கிற ஒரு கால்நடை மருத்துவர் மாட்டுக்குச் சினை ஊசி போடுவாரா, கோமாரித் தடுப்பூசி போடுவாரா, நாய்க்கு ஆபரேசன் செய்வாரா? டவுனில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்துவிட்டுப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். கிராமம் விதியில் இருக்கிறது, நிதியில் இல்லை.

அதிலும் கொடுமை, 2025 ஜனவரி 5-ம் தேதியோடு 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஓட்டுப் போட்ட ஆள் இருந்தால் சட்டையைப் பிடித்தாவது கேட்கலாம். தனி அலுவலரை எங்கே போய்ப் பிடிப்பது?

பஸ் ஸ்டாண்டு தெரிகிறது, பட்டி தெரியவில்லையா?

2024-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுக்க 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் என்று மத்திய அரசே கணக்குச் சொன்னது. 2025-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது. ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடே ரெண்டுபட்டது. ஆகஸ்ட் 22-ல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் கடிக்கும் குணம் உள்ளதையும் மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு: பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேசன் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்துக்குக் கொண்டு போக வேண்டும், திரும்ப அங்கேயே விடக் கூடாது.

நல்ல உத்தரவுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஆஸ்பத்திரி நோயாளியும் கடிபடக் கூடாது. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை நாலு தரம் படித்துப் பாருங்கள். பட்டி இருக்கிறதா? கொரங்காடு இருக்கிறதா? ஆட்டுக் கொட்டகை இருக்கிறதா? இல்லை! மெட்ராஸ், டெல்லியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து டி.வி.யில் விவாதம் செய்தார்களே, அந்த விவாதத்தில் ஒரு நாளாவது ஒரு ஆட்டுக்காரன் உட்கார்ந்தானா?

இன்னும் ஒரு பயம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் பிடிக்கிற நாயை வைத்துக் காப்பாற்ற இடம் வேண்டும், தீனி வேண்டும், ஆள் வேண்டும். இதையெல்லாம் கட்டாமல் பிடிக்க மட்டும் செய்தால் வண்டி கடைசியில் எங்கே போய் நிற்கும்? நம்ம ஊர் எல்லையில்தான் நிற்கும்! ஆகவே, பிடித்த நாய் எத்தனை, எந்தக் காப்பகத்தில் எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொரு நகராட்சியும் எழுதிப் போர்டில் ஒட்ட வேண்டும் என்று கேட்கிறோம்.

அதே நவம்பர் 7 உத்தரவில் நெடுஞ்சாலையில் திரியும் மாடுகளையும் அகற்றச் சொல்லியிருக்கிறது. மாட்டுக்கு உடையவன் இருக்கிறான், அபராதம் தீட்டிவிடுவார்கள். நாய்க்கு உடையவர் உள்ளாட்சி. அவர்களுக்கு அபராதம் யார் தீட்டுவது?

நிவாரணமா, கடனா?

நாம் ரோட்டுக்கு வந்த பிறகுதான் 2025-ல் தமிழக அரசு தெருநாய் கடித்துச் சாகும் கால்நடைகளுக்கு இழப்பீடு என்று வாய் திறந்தது. திறந்தவரைக்கும் நல்லது. அது நம் போராட்டத்தின் வெற்றி. ஆனால் அளவு என்ன? நிவாரணம் என்றாலே அதிகாரிகள் கையில் எடுப்பது பேரிடர் நிவாரண விதியை. அதில் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய். புயலுக்கும் வெள்ளத்துக்கும் போட்ட கணக்கு அது. அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் கணக்கின் அடிப்படை அதுதான். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு குண்டடம் சந்தைக்குப் போய் ரெண்டு ஈற்றுப் போட்ட ஒரு செம்மறியைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் பார்க்கலாம்!

புயல் கடவுள் செயல் என்கிறோம். சரி. தெருநாயும் கடவுள் செயலா? விதி போட்டு, பொறுப்பை ஒருத்தர் தலையில் கட்டி, அவர் அதைச் செய்யாமல் விட்டதால் வந்த நட்டம் இது. இதற்குக் கொடுப்பது கருணைத் தொகை அல்ல, பட்ட கடன்! கடனைச் சந்தை விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

காட்டுப்பன்றி: 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர்

இப்போது பன்றிக்கு வருவோம். நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு எதையும் விடுவதில்லை. தின்பது கொஞ்சம், கிளறுவது நிறைய. சொட்டுநீர்க் குழாயையும் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி. அதைத் தின்ன நம் ஓடைக்கரையில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. காட்டிலிருந்து வெகு தூரத்தில், சீமைக்கருவேல முள்ளுக்குள்ளேயே பிறந்து அங்கேயே வளர்கிற பன்றிக்குக் காடு எது என்றே தெரியாது. அதைப் போய் "காட்டு" விலங்கு என்கிறோம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு உத்தரவு போட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறை சுடலாம். பல வருசம் மனுக் கொடுத்து, ஊர்வலம் போய்ப் பெற்ற உத்தரவு இது. ஆனால் உழுகிறவன் கண்ணால் பாருங்கள்.

காட்டோரத்தில் 1 கிலோமீட்டருக்குள் பூமி வைத்திருப்பவன் என்ன பாவம் செய்தான்? சேதம் அதிகம் அவனுக்கு. பரிகாரம் ஒன்றும் இல்லாததும் அவனுக்கு. நடுவில் இருக்கிறவன் பூமியில் பிடித்து விட்ட பன்றி மறுபடியும் வராது என்று யார் ஜாமீன்? 3 கிலோமீட்டரைத் தாண்டியவனுக்கு வனத்துறை ஆள் வந்து சுட வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பன்றி வரும். மனு எழுதி, அது மேலே போய், கீழே வந்து, ஆள் வருவதற்குள் கடலைச் செடி இருக்குமா?

சட்டத்தில் வழி இல்லை என்று சொல்ல முடியாது. 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் 11-வது பிரிவே, மனித உயிருக்கோ நிற்கிற பயிருக்கோ ஆபத்தான விலங்கை வேட்டையாட எழுத்து மூலம் அனுமதி கொடுக்கலாம் என்கிறது. 62-வது பிரிவு, குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் தீங்குயிர் என்று மத்திய அரசு அறிவிக்கலாம் என்கிறது. 2015 டிசம்பரில் பீகாரிலும் 2016-ல் உத்தரகாண்டிலும் காட்டுப்பன்றியை அப்படி அறிவித்தார்களே! பக்கத்துக் கேரளத்தில் 2022 மே மாதம், பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்களே! வாளையாறு தாண்டினால் முடிகிறது, இந்தப் பக்கம் ஏனுங்க முடியாது? பன்றி எல்லைக்கோடு பார்த்தா நடக்கிறது?

மயிலுக்குச் சாமி அந்தஸ்து, உழவனுக்குச் சாபமா?

மயில் முருகன் வாகனம். 1963-ல் தேசியப் பறவை ஆனது. கும்பிடுகிறோம். ஆனால் கும்பிடு போட்டால் கடன் அடையுமா? விதை ஊன்றின மறுநாளே வரிசையாகக் கொத்துகிறது. முளைத்தால் குருத்தைக் கொத்துகிறது. தக்காளி, மிளகாய் காய்த்தால் தின்பது ஒன்று, கொத்திப் போடுவது பத்து. நரியும் காட்டுப்பூனையும் இருந்த காலத்தில் முட்டையும் குஞ்சும் கொஞ்சம் அடிபடும். இப்போது நரி ஊளையிட்டுக் கேட்டு எத்தனை வருசம் ஆச்சு? தடுக்க ஆள் இல்லாமல் கூட்டம் பெருகிவிட்டது.

மயில் முதல் அட்டவணை. கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. மயிலைக் கொல்ல வேண்டும் என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். முதல் அட்டவணை மரியாதை கொடுத்த சர்க்கார், அது தின்ற தீவனத்துக்கும் பில் கட்டட்டும் என்றுதான் கேட்கிறோம். வீட்டுக்கு விருந்தாளியைக் கூட்டி வந்தவன்தானே சாப்பாட்டுக்கும் பொறுப்பு? தேசியப் பறவைக்குத் தீனி போடுவது தேசத்தின் கடமை. ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற ஒருத்தன் தலையில் மட்டும் ஏன் கட்டுகிறீர்கள்?

பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காட்டு விலங்குச் சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. 2026 காரீப் பருவம் முதல் என்றார்கள். எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்ற பட்டியலை மாநில அரசு அறிவிக்க வேண்டும். நட்டம் நடந்த 72 மணி நேரத்துக்குள் போட்டோவோடு செயலியில் பதிய வேண்டும். பன்றி, யானையை எழுதிவிட்டு மயிலை விட்டுவிட்டால் அந்தத் திட்டம் நமக்குப் பாதிப் பானைதான். பட்டியலில் மயில் விடுபடக் கூடாது. நம் மாவட்டங்கள் விடுபடக் கூடாது.

விலங்கு நேசர்களுக்கு ஒரு வார்த்தை

பட்டணத்து விலங்கு நேசர்களே! உங்கள் இரக்கத்தைக் கேலி பேசவில்லை. வாயில்லா ஜீவனுக்குப் பரிந்து பேசுவது நல்ல மனசு. ஆனால் ஆடும் வாயில்லா ஜீவன்தானே? குடல் சரிந்து கிடக்கிற சினை ஆட்டுக்காக உங்களில் யார் வழக்குப் போட்டீர்கள்? தெருநாய்க்குச் சோறு வைப்பதோடு நிற்காதீர்கள். தத்து எடுங்கள், ஆபரேசன் செய்யுங்கள், ஊசி போடுங்கள், வீட்டுக்குள் வையுங்கள். வேண்டாதபோது எங்கள் ஊர் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். இரக்கத்தின் செலவை இரக்கப்படுகிறவர் ஏற்க வேண்டும். அதை ஆட்டுக்காரர் பற்றில் எழுதக் கூடாது!

நாம் செய்யவே கூடாதவை

உழவர்களே, கோபத்தில் வழி தவறக் கூடாது.

விஷம் வைக்காதீர்கள். விஷம் நாயோடு நிற்காது. கீரி, பருந்து, பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாய் எல்லாம் சாகும். கேஸும் வரும்.

வேலியில் திருட்டுக் கரண்ட் விடாதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப் போட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்தன. ரெண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. நாடே நம்மைத் திட்டியது. யானை மட்டுமல்ல, மோட்டார் போடப் போகிற நம் ஆட்களே அடிபட்டுச் செத்த சம்பவங்கள் உண்டு. சூரிய மின்வேலி போடுவதென்றால் 2023-ல் வந்த விதிப்படி பதிவு செய்து போடுங்கள்.

அவுட்டுக்காய் வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்ததைக் கடித்து வாய் சிதறிய பசு மாடுகள் எத்தனை! நாம் கேட்பது நியாயம். நியாயம் கேட்கிற கையில் அவுட்டுக்காய் இருக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

ஆடு கடிபட்டுச் செத்தால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். அப்படியே போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் தகவல் கொடுத்து, உடற்கூறு ஆய்வுச் சான்று வாங்குங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய் வார்த்தைக்கு சர்க்காரில் காது கிடையாது.

ஆளை நாய் கடித்தால், அல்லது வெறிநாய் கடித்த மாட்டின் எச்சில் காயத்தில் பட்டால், மஞ்சள் சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய் ஊசியைத் தொடங்குங்கள். சொன்ன தேதிகளில் ஊசியை விடாமல் முடியுங்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. நம் தோட்டத்து நாய்க்கு வருசா வருசம் தடுப்பூசி போட்டு, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஊருக்கு உபதேசம் சொல்லும் முன் நம் வாசல் சுத்தமாக இருக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

1. தெருநாய், காட்டு விலங்கால் சாகும் ஆடு மாடு கோழிக்குச் சந்தை விலையில் இழப்பீடு. மனுக் கொடுத்த 30 நாளில் வங்கிக் கணக்கில் வர வேண்டும்.

2. ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் நாய்க் கருத்தடை, தடுப்பூசி மையம். தனி மருத்துவர், தனி வண்டி, தனி நிதி.

3. ஆட்டைக் கடித்துப் பழகிய நாயைத் திரும்ப விடக் கூடாது. அரசுக் காப்பகத்தில் வைக்க வேண்டும். "கடிக்கும் குணம்" என்பதில் கால்நடையைக் கடிப்பதும் சேரும் என்று தெளிவாக உத்தரவு போட வேண்டும்.

4. கறிக்கடைக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுகிற வண்டியைப் பறிமுதல் செய்ய வேண்டும். நாயைக் கொண்டுவந்து விடுகிறவர்மேல் வழக்குப் போட வேண்டும்.

5. காட்டுப்பன்றி விசயத்தில் கிலோமீட்டர் கணக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும். கேரளம் போல முடிவெடுக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு வர வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் உழவர்களுக்கு அரசு செலவில் வேலி.

6. மயில் சேதத்துக்கு இழப்பீடு. பயிர்க் காப்பீட்டுப் பட்டியலில் மயிலையும் பன்றியையும் சேர்க்க வேண்டும்.

7. எந்தப் பிராணியால் சேதம் வந்தாலும் மனு வாங்க ஒரே அலுவலகம், ஒரே அலுவலர். "எங்க டிபார்ட்மெண்ட் இல்லை" என்ற பேச்சு இனி வேண்டாம்.

உழவர் பெருமக்களே!

இதில் ஒன்றாவது நடக்காத காரியமா? வானத்து நிலவைக் கேட்டோமா? மாட்டுக்காரனுக்கு 1871-ல் எழுதின நியாயத்தை சர்க்காருக்கும் எழுதுங்கள் என்று கேட்கிறோம்.

கேட்டால் கிடைக்காது, நின்றால் கிடைக்கும் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் கொடுத்தார்கள். இன்றைக்கு நம் பம்புசெட்டு இலவசக் கரண்டில் ஓடுகிறது என்றால் அது யாரோ மனமிரங்கிக் கொடுத்த பிச்சை அல்ல. நாராயணசாமி நாயுடு காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு வந்து ரோட்டில் நின்றவர்கள் வாங்கிக் கொடுத்தது. அவர்கள் பேரன்கள்தான் நாம்.

அடுத்த கிராம சபையில் இந்த ஏழு கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – எந்த நாளானாலும் சரி, போண்டா டீயோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். அந்த நகலோடு கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேர் வாருங்கள். ஆண்கள் மட்டும் வந்தால் போதாது. ஆட்டுக்குத் தண்ணி காட்டுகிறவர்கள் நம் வீட்டு அம்மணிகள். அவர்கள் வந்து பேசினால்தான் அதிகாரிக்கு உறைக்கும்.

கட்சிக் கொடி வேண்டாம். பச்சைத் துண்டு போதும்.

செத்த பன்றிக்குச் சொந்தம் கொண்டாடும் சர்க்காரே, மேய்ந்த பன்றிக்கும் கணக்குச் சொல்!

தெருநாய்க்கு விதி போட்ட சர்க்காரே, செத்த ஆட்டுக்கு விலை கொடு!

தேசியப் பறவை தேசத்தின் சொத்தென்றால், தின்ற தீனியும் தேசத்தின் செலவே!

உழவர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கத்தின் கிளைகள்